பஹள

புதுக்கடையில் மழை பிடித்த பின்னேரம்.
கந்தோர் யன்னலுக்குக் கீழே
கறுப்புக் கோட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி
ஒருவர் ஓட்டோவுக்குக் கைகாட்டுகிறார்.
மேசையில் நாற்பத்தொரு பக்கம்.
மேலட்டையில் பென்சிலால் குணநாயகம் சேர்:
"பிறேமிளா, மீன் ஃபைல். வெள்ளிக்கு முதல்."

மீன் ஃபைல் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்.
முதற்பக்கத்தில் மீன் இல்லை.
முதலாம் தரப்பு, சிறு நீர்மின் கம்பனி.
இரண்டாம் தரப்பு, ஆறுகளுக்கென ஒரு நிதியம்.
மூன்றாம் தரப்புக்கு இடம் விட்டு
பிறகு யாரோ குறுக்கே கோடிழுத்திருக்கிறார்கள்.
மீன் வருவது பதினேழாம் பக்கத்தில்,
அட்டவணை இரண்டில்,
ஐந்து இலத்தீன் பெயராக, சாய்வெழுத்தில்,
விலாசம் இல்லாமல்.

விஷயம் இவ்வளவுதான்:
தை முதல் சித்திரை வரை
குழாய்க்குள் எடுக்கும் நீரில்
செக்கனுக்குத் தொண்ணூறு லீற்றரைக்
கம்பனி எடுக்காமல் விடும்.
விட்டதற்கு நிதியம் காசு கட்டும்.

செய்யாத வேலைக்கு விலை எழுதுவது
எனக்கு இது முதல் தடவை.
காணிக்கு எழுதியிருக்கிறேன்,
மதில் தாண்டி விழுந்த மாங்காய்க்கும் ஒருமுறை.
உறுதியில் வடக்கே வேலி, கிழக்கே வாய்க்கால் என்று போடுவோம்.
வாய்க்காலே காணியானால்
கிழக்கே என்ன?
ஆறு கம்பனியின் சொத்து இல்லை,
கையில் இருப்பது ஓர் அனுமதிக் கடிதம்.
பாவிக்காமல் விட்டால் அது பறிபோகுமா?
மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினேன்.

"இயன்றவரை" என்றிருந்ததை வெட்டினேன்.
"நியாயமான முயற்சி"யையும்.
வறட்சிக் காலத்தில் கடமை தளரும் என்ற வாசகத்தின் ஓரத்தில்
சிவப்பால் கேட்டேன்:
வேறெந்தக் காலத்துக்கு இந்த ஒப்பந்தம்?
நாளைக்குக் கம்பனியை வாங்குபவனையும்
இது கட்டும் என்று சேர்த்தேன்.
பிளேன்டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

கையெழுத்தாகப் போவது சிங்களப் பிரதி.
முரண் வந்தால் அதுவே செல்லும்.
உதேனியை வாசிக்கச் சொல்லி
நான் ஆங்கில வரைவில் விரல் வைத்துக்கொண்டு போனேன்.
அவள் குரல் பஸ் கொண்டக்டரின் வேகம்,
ஒன்பதாம் வாசகத்தில், நீர் அளக்கும் கோல்
அணைக்கட்டுக்கு "இஹள" என்றாள்.

கொஞ்சம் நில்.

என் விரலின் கீழ் இருந்தது, கீழே.
அவள் வாயில் வந்தது, மேலே.

அணைக்கு மேலே தொண்ணூறு எப்போதும் ஓடும்,
சித்திரையிலும் ஓடும்.
ஓடி வந்து முழுதாய்க் குழாய்க்குள் இறங்கும்.
கோல் ஒவ்வொரு மாதமும் சரி என்று சொல்லும்.
சான்றிதழ், பற்றுச்சீட்டு, காசு.
யாரும் எதையும் மீறவில்லை.
அணையிலிருந்து மின்நிலையம் வரை
ஆயிரத்து நானூறு மீற்றர்
கல் மட்டும் காயும்.

கம்பனிச் சட்டத்தரணி மஃரூஃப் போனில் சிரித்தார்.
"ஓரெழுத்துத்தானே மிஸ். தட்டச்சுப் பிழை."
இருக்கலாம்.
இ போய் ப வந்தால் பஹள.
குற்றம் சாட்ட எனக்குக் கட்டணம் இல்லை,
திருத்தத்தான்.
"இரண்டு பக்கமும் சின்னக் கையொப்பம் வையுங்கள்" என்றேன்.
"அட, மீனுக்காகவா இவ்வளவு" என்றார்,
கோபமாக இல்லை,
மழைக்குள் எப்படி வீட்டுக்குப் போவது என்பதுபோல.

அந்த ஓடையை நான் கண்டதில்லை.
அது கலக்கும் ஆற்றின் கடைசியை
முகத்துவாரத்தில் கண்டிருக்கிறேன்,
கடலோடு முட்டுப்பட்டு, கபிலமாய்,
சோடாப் போத்தல்களைத் தள்ளிக்கொண்டு.

பில்லில் எழுதினேன்:
ஒன்பதாம் வாசகம், ஓரெழுத்து,
இரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.
சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
நாற்பதை வெட்டினார்.

இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன், அதை யாரும் இன்னும் வெட்டவில்லை:
சித்திரையில் ஒருநாள்
கோல் நிற்கும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்க
இரு தரப்பும் சம்மதிக்கும் ஒருவரை நியமித்தல்.
பெயருக்குப் புள்ளிகள் விட்டிருக்கிறேன்.
உதேனி எண்ணினாள், பதினாறு.